வீட்டு லேத்தில் ஆடும் சிலிண்டர் இன்ஜின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய லேத் வைத்திருப்பவர், அசையும் பாகங்கள் கொண்ட முதல் மாதிரியாகச் செய்யத் தகுந்தது ஆடும் சிலிண்டர் இன்ஜின். வால்வு கிடையாது, அதை இயக்கும் எக்சென்ட்ரிக் (மையம் விலகிய வட்டு) கிடையாது. சிலிண்டரே இடமும் வலமும் ஆடித் தன் துளையைத் தானே திறந்து மூடிக்கொள்கிறது. இந்தப் பக்கத்தில் வரும் அளவுகள் எல்லாம் ஒரே இன்ஜினுக்கு உரியவை: 10 மிமீ போர் (சிலிண்டரின் உள்துளை), 16 மிமீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), ஒற்றைப் பக்கத் தள்ளல் (காற்று பிஸ்டனின் ஒரு பக்கத்தை மட்டும் தள்ளும்), அழுத்தக் காற்றில் ஓடுவது.

இது எப்படி வேலை செய்கிறது?

சிலிண்டர் கட்டையின் ஒரு முகம் தட்டையானது. அந்த முகத்தில் உள்ள பிவட் பின் நிமிர்ந்து நிற்கும் ஒரு தகட்டின் வழியே போகிறது. பின்னால் ஸ்பிரிங்கும் நட்டும் முகத்தைத் தகட்டோடு அழுத்திப் பிடிக்கின்றன. பிஸ்டன் ராடு நேராகக் கிராங்க் பின்னில் மாட்டியிருப்பதால், கிராங்க் சுற்றும்போது சிலிண்டர் பிவட்டைச் சுற்றி ஆடுகிறது. சிலிண்டர் முகத்தில் ஒரு துளை, தகட்டில் இரண்டு துளைகள். ஒரு பக்கம் சாயும்போது சிலிண்டர் துளை காற்று வரும் துளையோடு சேர்கிறது. மறுபக்கம் சாயும்போது காற்று வெளியேறும் துளையோடு. நடுவில், பிஸ்டன் உச்சியிலோ அடியிலோ இருக்கும் நேரத்தில், இரண்டும் மூடியிருக்க வேண்டும்.

பொம்மைக்காக வந்த ஏற்பாடு அல்ல இது. ஆரன் மான்பி 1821-இல் இதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். 1858-இல் நீரில் இறக்கப்பட்ட கிரேட் ஈஸ்டர்ன் கப்பலின் துடுப்புச் சக்கரங்களைச் சுழற்றியவை 74 அங்குலப் போர், 14 அடி ஸ்ட்ரோக் கொண்ட நான்கு ஆடும் சிலிண்டர்கள்.

என்னென்ன பொருள் வேண்டும்?

சிலிண்டருக்கு 20×20 மிமீ சதுரப் பித்தளை, 32 மிமீ நீளம். நிற்கும் தகட்டுக்கு 40×90 மிமீ, 8 மிமீ தடிமன் மைல்ட் ஸ்டீல். பிஸ்டனுக்கு 12 மிமீ வார்ப்பிரும்பு ராடில் ஒரு துண்டு. பிஸ்டன் ராடுக்கும் பிவட்டுக்கும் கிராங்க் பின்னுக்கும் 4 மிமீ சில்வர் ஸ்டீல் (துல்லியமாகத் தேய்த்த ஸ்டீல் ராடு). கிராங்க் ஷாஃப்ட்டுக்கு அதே சில்வர் ஸ்டீலில் 6 மிமீ. புஷ்ஷுக்கு பாஸ்பர் பிரான்ஸ், வெளி விட்டம் 10, உள் விட்டம் 6, நீளம் 20. கிராங்க் தட்டு 24 மிமீ விட்டம், 6 மிமீ தடிமன். ஃப்ளைவீல் 50 மிமீ விட்டம், 12 மிமீ தடிமன்; மைல்ட் ஸ்டீலில் செய்தால் சுமார் 185 கிராம் வரும், அது போதும். அடித்தட்டுக்கு 80×60×10 மிமீ, எதில் வேண்டுமானாலும். பிக் எண்டுக்கு (ராடைக் கிராங்க் பின்னில் மாட்டும் துண்டு) 8 மிமீ சதுரப் பித்தளை, 14 மிமீ நீளம்.

தகட்டுக்கு அலுமினியம் வேண்டாம். கடைவது சுலபம்தான், ஆனால் உரசும் முகத்தில் சீக்கிரமே கோடு விழும்.

முக்கியமான அளவுகள் எவை? எங்கிருந்து வந்தன?

பிவட் மையத்திலிருந்து கிராங்க் ஷாஃப்ட் மையம் 40 மிமீ. கிராங்க் பின் ஷாஃப்ட் மையத்திலிருந்து 8 மிமீ. சிலிண்டர் முகத்துத் துளை பிவட்டிலிருந்து 12 மிமீ மேலே.

சிலிண்டர் அதிகபட்சம் எவ்வளவு சாயும் என்பதை முதல் இரண்டு அளவுகள் முடிவு செய்கின்றன. 8-ஐ 40-ஆல் வகுத்தால் 0.2, அது சாய்வுக் கோணத்தின் சைன், கோணம் 11.5 டிகிரி. 12 மிமீ தள்ளியிருக்கும் துளை நடுக்கோட்டிலிருந்து 12 × 0.2 = 2.4 மிமீ இடமாகவும் அதே அளவு வலமாகவும் நகரும். ஆகவே தகட்டின் இரண்டு துளைகளும் நடுக்கோட்டுக்கு இருபுறமும் 2.4 மிமீ தள்ளி, பிவட்டிலிருந்து 11.76 மிமீ உயரத்தில் அமைய வேண்டும்.

இனித் துளையின் விட்டம். சிலிண்டர் நேராக நிற்கும்போது அதன் துளைக்கும் தகட்டின் ஒவ்வொரு துளைக்கும் இடையே மையத்துக்கு மையம் 2.4 மிமீ. எல்லாத் துளையும் 2 மிமீ என்றால் விளிம்புக்கு விளிம்பு 0.4 மிமீ உலோகம் மிஞ்சும். அந்த 0.4 தான் இன்ஜினின் உயிர். டிரில் பொதுவாகத் தன் அளவைவிடச் சற்றுப் பெரிதாகத்தான் போடும், 2.1 வந்தால் மிச்சம் 0.3, அதுவும் போதும். 'கொஞ்சம் தாராளமாகக் காற்று போகட்டும்' என்று 2.5 டிரில் போட்டால் நடுநிலையில் இரு துளைகளும் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும். வரும் காற்று நேராக வெளியே போய்விடும், இன்ஜின் ஓடாது.

எதில் கறாராக இருக்க வேண்டும், எதில் வேண்டாம் என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. கிராங்க் பின் 8-க்குப் பதில் 8.3-இல் விழுந்தால் துளை 0.09 மிமீ மட்டுமே கூடுதலாக நகரும், கவலை இல்லை. தகட்டின் இரு துளைகளுக்கும் இடையே 4.8 வர வேண்டிய இடத்தில் 4.2 வந்தால் அந்தத் தகட்டை ஒதுக்கி வைக்க வேண்டியதுதான்.

சிலிண்டரை எந்த வரிசையில் கடைவது?

போர் கட்டையின் நட்டநடுவில் இல்லை. துளை முகத்திலிருந்து அதன் மையம் 11.5 மிமீ, எதிர் முகத்திலிருந்து 8.5. பிவட் நூலுக்கு உலோகம் வேண்டும் என்பதற்காக இப்படி ஒதுக்கியிருக்கிறது. மையத்திலேயே போட்டால் அந்தச் சுவர் 5 மிமீதான் இருக்கும்.

முனையில் குறுக்குக் கோடு கீறி செண்டர் பஞ்ச் அடித்து, நான்கு ஜா சக்கில் பிடியுங்கள். பஞ்ச் குழியில் ஒரு கூர்முனை ராடு, மறுமுனையில் டெயில்ஸ்டாக் செண்டர், ராடின் மேல் டயல். சக்கைக் கையால் சுற்றி, முள் 0.05-க்குள் நிற்கும் வரை ஜாக்களைத் திருத்துங்கள். முனையை ஃபேஸிங் செய்த பிறகு அதே பிடியில் செண்டர் டிரில், 6 மிமீ டிரில், 9 மிமீ டிரில், போரிங் பாரால் 9.8, கடைசியாக 10 மிமீ ரீமர் (துளையைத் துல்லிய அளவுக்கு முடிக்கும் கருவி). கட்டையைக் கழற்றி மாட்டாமல் இத்தனையும் முடிய வேண்டும். அப்போதுதான் சிலிண்டரின் மூடி உட்காரும் முகம் போருக்குச் செங்குத்தாக இருக்கும்.

போரிங்கை விட்டுவிட்டு நேராக ரீமர் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். ரீமர் ஏற்கெனவே இருக்கும் துளையைப் பின்தொடரும். டிரில் வளைந்து போயிருந்தால் ரீமரும் வளைந்தே போகும். போரிங் பார்தான் துளையை நேராக்கும். ரீமருக்கு 200 முதல் 300 ஆர்.பி.எம்; ஒரே சீராக உள்ளே விட்டு, சுழற்சியைத் திருப்பாமல் வெளியே எடுங்கள். பின்பக்கம் சுற்றினால் பொடி வெட்டு முனையில் சிக்கிச் சுவரைக் கீறும்.

பித்தளையில் சாதாரண டிரில் 'கடித்து இழுக்கும்', சில சமயம் கட்டையையே சக்கிலிருந்து உருவிவிடும். டிரிலின் இரு வெட்டு விளிம்புகளையும் எண்ணெய்க் கல்லில் லேசாக உரசி, விளிம்பை ஒட்டிச் சின்னத் தட்டை முகம் வருமாறு செய்துகொள்ளுங்கள். அந்த டிரிலைப் பித்தளைக்கென்று தனியே வைத்துவிடுவது நல்லது.

பிவட் துளையும் காற்றுத் துளையும்?

மேல் முனையிலிருந்து 3 மிமீ-இல் காற்றுத் துளை, 15 மிமீ-இல் பிவட். இரண்டும் முகத்தின் நடுக்கோட்டில். பிவட்டுக்கு 3.3 டிரில், தோள் வரை 4.5 மிமீ ஆழம். டிரிலின் கூம்பு இன்னும் 1 மிமீ எடுக்கும், போர் வரை 1 மிமீ சுவர் மிஞ்சும். ஸ்டாப் வைக்காமல் டிரில் செய்யாதீர்கள். எம்4 டேப்பை (நூல் வெட்டும் கருவி), டிரில் மெஷின் சக்கில் பிடித்து, மின்சாரத்தை அணைத்து, கையால் சுற்றித் தொடங்குங்கள். டேப் சாய்ந்தால் பின் சாயும், பின் சாய்ந்தால் முகம் ஒரு விளிம்பில் தூக்கும். அதன் பிறகு எவ்வளவு தேய்த்தாலும் கசிவு நிற்காது.

காற்றுத் துளை 2 மிமீ, செண்டர் டிரிலால் புள்ளி வைத்து, அடிக்கடி வெளியே எடுத்துப் பொடி தட்டி, போர் வரை. உள்ளே நிற்கும் பிசிறை ரீமரைக் கையால் ஒரு முறை உள்ளே விட்டு எடுங்கள். விட்டுவிட்டால் பிஸ்டனில் கோடு போடும்.

பிறகு பிவட்டைச் சுற்றி 14 மிமீ விட்டத்துக்கு 0.2 மிமீ ஆழப் பள்ளம் எடுங்கள். முகத்தின் நடுப்பகுதி தகட்டைத் தொடாமல் மேலும் கீழும் மட்டும் தொட்டால் ஸ்பிரிங்கின் அழுத்தம் துளையைச் சுற்றியே விழும், உராய்வும் குறையும்.

மில்லிங் மெஷின் இல்லாமல் தகட்டுத் துளைகளைச் சரியாகப் போட முடியுமா?

முடியும். தகட்டில் முதலில் மேல் விளிம்பிலிருந்து 22 மிமீ-இல் பிவட் துளை (4 மிமீ ரீமர்), 62 மிமீ-இல் கிராங்க் துளை (10 மிமீ, புஷ்ஷுக்கு). பின்பு இரண்டு உதவிச் சாமான்கள் செய்யுங்கள்.

ஒன்று, 3 மிமீ ஸ்டீல் பட்டை: அதில் ஒரு 4 மிமீ துளை, அதிலிருந்து 12 மிமீ-இல் ஒரு 2 மிமீ துளை. 4 மிமீ துளைக்குக் கீழே இருக்கும் பகுதியில், இரு துளைகளின் மையக் கோடு வரை பட்டையின் ஒரு பக்கத்தை அரத்தால் எடுத்துவிடுங்கள். இரண்டாவது, 16 மிமீ விட்ட வட்டு. அடியில் கிராங்க் துளையில் உட்காரும் 10 மிமீ ஸ்பிகாட்.

வட்டைக் கிராங்க் துளையில் வையுங்கள், பட்டையை பிவட் துளையில் ஒரு 4 மிமீ பின் கொண்டு மாட்டுங்கள். பட்டையின் அரம் போட்ட விளிம்பு வட்டின் பக்கத்தைத் தொடும் வரை தள்ளி, கிளாம்ப் போடுங்கள். பிஸ்டன் ராடு அதிகபட்சம் சாயும் நிலை அதுவேதான், ஏனென்றால் அந்த நேரத்தில் ராடின் கோடு 8 மிமீ ஆர வட்டத்தைத் தொட்டுச் செல்கிறது. 2 மிமீ துளை வழியாக டிரில் போடுங்கள், ஆழம் 4.5 மிமீ. பட்டையைப் புரட்டி மறுபக்கமும் அப்படியே. சிலிண்டர் கட்டையிலும் 12 மிமீ தூரத்தை இதே பட்டையால் குறித்துக்கொண்டால், பட்டையில் உள்ள சிறு பிழை இரண்டு இடத்திலும் ஒன்றாகவே விழும், துளைகள் சேரும்.

காற்று வழிகளைத் தகட்டின் இரு ஓரங்களிலிருந்து குறுக்கே போடுங்கள்: 2.5 மிமீ டிரில், முன் முகத்திலிருந்து 4 மிமீ உள்ளே, 18 மிமீ ஆழம். வாயில் 4.2 டிரில் 7 மிமீ ஆழம், எம்5 டேப், அதில் குழாய் நிப்பிள். 18-ஐத் தாண்டி 20-க்கு மேல் போனால் இரண்டு வழிகளும் நடுவில் சேர்ந்துவிடும். டிரிலில் ஒட்டும் டேப் சுற்றி ஆழத்தைக் குறிக்கும் பழக்கம் இங்கே போதாது, சற்று வழுக்கினாலே தகடு போச்சு. திருகால் இறுக்கும் காலர் வையுங்கள்.

பிஸ்டன் எவ்வளவு டைட்டாக இருக்க வேண்டும்?

போர் 10.00 முதல் 10.015-க்குள் இருந்தால் பிஸ்டன் அதைவிட 0.02 சிறியதாக இருக்கட்டும். நீளம் 10 மிமீ. மேலே இரண்டு எண்ணெய்க் காடிகள், 0.5 அகலம், 0.3 ஆழம். ரிங் வேண்டாம், ஓ-ரிங்கும் வேண்டாம். இந்த அளவில் ஓ-ரிங்கின் உராய்வே இன்ஜினின் பாதிச் சக்தியைத் தின்றுவிடும்.

பிஸ்டனைத் தனியாக அளவுக்குக் கடைந்து பிறகு ராடில் மாட்டாதீர்கள். முதலில் 10.5-க்குக் கடைந்து, எம்3 நூலிட்டு, ராடில் லாக்டைட் 638 (உலோகத்தை இறுக்கி ஒட்டும் பசை) போட்டு முறுக்கி, ஒரு நாள் காயவிட்டு, ராடைக் கோலெட்டில் பிடித்துக் கடைசி வெட்டை எடுங்கள். அப்போதுதான் பிஸ்டனும் ராடும் ஒரே மையத்தில் நிற்கும். வார்ப்பிரும்புக்கு 600 ஆர்.பி.எம் அளவு, கூலண்ட் இல்லாமல். கடைசி 0.01-ஐ 1000 நம்பர் வாட்டர் பேப்பரும் எண்ணெயும் வைத்து எடுக்கலாம். பிறகு லேத்தின் 'பெட்' தளத்தை நன்றாகத் துடையுங்கள், அந்தப் பொடி அதைத் தின்னும்.

சோதனை எளிது: போரையும் பிஸ்டனையும் துடைத்து ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, காற்றுத் துளையையும் மேல் வாயையும் விரலால் மூடிப் பிஸ்டனை இழுத்து விடுங்கள். அது திரும்பி உள்ளே போக வேண்டும்.

ராடின் நீளமும் பிக் எண்டும்?

பிஸ்டன் உச்சியிலிருந்து கிராங்க் பின் மையம் வரை 42.5 மிமீ. ராடின் கீழ் முனையில் எம்4 நூல், பிக் எண்டில் முறுக்கி லாக் நட் போட்டால் இந்த நீளத்தைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். பிஸ்டன் மேலே வரும்போது மூடிக்கு 2.5 மிமீ இடைவெளி இருக்க வேண்டும். அதைக் குறைத்தால் சக்தி கூடும் என்று நினைத்து நீளத்தைக் கூட்டாதீர்கள், பிஸ்டன் காற்றுத் துளையை மறைக்கத் தொடங்கும்.

போர் மையம் தகட்டிலிருந்து 11.5 மிமீ. கிராங்க் தட்டு 6, அதற்கும் தகட்டுக்கும் இடையே புஷ் 0.5 துருத்தி நிற்கும், பிக் எண்டின் பாதி 4. மீதி 1 மிமீ-க்கு ஒரு வாஷர். இந்தக் கூட்டல் சரியாக வராவிட்டால் ராடு பக்கவாட்டில் வளைந்து ஒவ்வொரு சுற்றிலும் இறுகும்.

மூடி?

17 மிமீ விட்டம், 3 மிமீ தடிமன், அடியில் 10 மிமீ ஸ்பிகாட் 2 மிமீ நீளம். காற்றுக்கு மட்டும் என்றால் லாக்டைட் போதும். நீராவிக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் நான்கு எம்2 ஸ்குரூ, 13.5 மிமீ வட்டத்தில், காற்றுத் துளைக்கு 45 டிகிரி தள்ளி.

முகங்களை எப்படிச் சமதளமாக்குவது?

தடித்த கண்ணாடியின் மேல் வாட்டர் பேப்பர், 400, 600, 1000 என்ற வரிசையில், எண்ணெயோடு. எட்டு வடிவத்தில் தேயுங்கள், பத்துப் பன்னிரண்டு வீச்சுக்கு ஒருமுறை கட்டையைக் கால் சுற்றுத் திருப்புங்கள். பிவட் பின்னை மாட்டும் முன்பே இதை முடிக்க வேண்டும். தகட்டில் பிரஷ்யன் புளூ (தொடும் இடத்தைக் காட்டும் நீல மை) மெல்லியதாகத் தடவி, சிலிண்டரை மாட்டிச் சில முறை ஆட்டிப் பாருங்கள். துளையைச் சுற்றி முழு வளையமாக நீலம் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பெரும்பாலும் குற்றம் முகத்தில் இல்லை, பின் சாய்ந்திருக்கிறது.

ஓடாத இன்ஜினுக்குப் பிஸ்டனைக் குறை சொல்லிப் புதிதாகக் கடைபவர்கள் அதிகம். பிஸ்டன் சற்று லூஸாக இருந்தாலும் இன்ஜின் ஓடும், காற்றுதான் கூடுதலாகச் செலவாகும். முகம் கசிந்தால் ஓடவே ஓடாது. நேரத்தை இங்கே செலவழியுங்கள்.

ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம்?

அரை கிலோ அளவு அழுத்தம். 1 பார் காற்றில் 10 மிமீ பிஸ்டனில் விழும் விசையே சுமார் 0.8 கிலோதான்; ஸ்பிரிங்கை நட்டால் நசுக்கினால் அந்த விசை முழுவதும் உராய்வுக்கே போய்விடும். நைலாக் நட்டைப் போட்டு, காற்று விட்டு, முகத்தில் குமிழ் நிற்கும் இடம் வரை இறுக்கி, அதோடு நிறுத்துங்கள்.

காற்று விட்டேன், ஓடவில்லை. எங்கே பார்ப்பது?

முதலில் காற்று இல்லாமல் கையால் சுற்றுங்கள். ஃப்ளைவீலைச் சுண்டிவிட்டால் சில சுற்றாவது தானே சுற்ற வேண்டும். ஒரு சுற்றில் ஒரே இடத்தில் இறுகினால் கிராங்க் பின் ஷாஃப்ட்டுக்கு இணையாக இல்லை. ஸ்பிரிங்கைத் தளர்த்தியதும் இறுக்கம் போனால் முகமோ பின்னோ. தளர்த்தியும் போகவில்லை என்றால் மேலே சொன்ன 11.5 மிமீ கூட்டலை அளந்து பாருங்கள்.

இறுக்கம் இல்லை, ஆனாலும் ஓடவில்லை என்றால் காதை வைத்துக் கேளுங்கள். சிலிண்டரை நேராக நிறுத்திக் காற்று விடுங்கள். வெளியேறும் துளையில் சீறல் கேட்டால் 0.4 மிமீ இல்லை, அல்லது தகட்டுக்குள் இரண்டு வழிகளும் சேர்ந்துவிட்டன. எதனால் என்று பிரித்தறிய, சிலிண்டரைக் கழற்றி ஒரு தகட்டுத் துளையை விரலால் மூடி, அதன் நிப்பிளில் ஊதுங்கள். மற்றதில் காற்று வந்தால் வழிகள் சேர்ந்திருக்கின்றன. முகத்தைச் சுற்றிச் சோப்பு நீர் தடவினால் முகக் கசிவு குமிழாகத் தெரியும். பிஸ்டன் இறங்கும் பாதியில் மட்டும் சிலிண்டரின் அடி வாயில் காற்று வந்தால் அது பிஸ்டன் கசிவு.

எதுவும் கசியவில்லை, இறுகவும் இல்லை, ஆனாலும் அசையாமல் நின்றால் ஃப்ளைவீலைக் கையால் சுற்றிவிடுங்கள். ஒற்றைப் பக்கத் தள்ளல் இன்ஜின் எல்லா நிலையிலிருந்தும் தானாகக் கிளம்பிவிடாது. அது குறை அல்ல.

எதிர்த் திசையில் சுற்றுகிறது. சரி செய்வது எப்படி?

குழாயை மறு நிப்பிளுக்கு மாற்றுங்கள். சிலிண்டர் பக்கத்திலிருந்து பார்க்கும்போது இடது துளையில் காற்று விட்டால் கடிகாரத் திசை, வலதில் விட்டால் எதிர்த் திசை.

எந்தக் காற்று? எவ்வளவு அழுத்தம்?

டயருக்குக் காற்றடிக்கும் சிறிய கம்ப்ரஸர் போதும், ரெகுலேட்டர் கட்டாயம். முதலில் 1 பார் வரை ஏற்றிக் கிளப்புங்கள். முகம் பழகிய பிறகு அரை பாருக்கும் கீழே ஓட வேண்டும். மீன் தொட்டி பம்பு இதற்குப் போதாது. முதல் முறை ஓட்டும் முன் ஷாஃப்ட்டைக் கை டிரில்லில் பிடித்து, தாராளமாக எண்ணெய் விட்டு, 300 ஆர்.பி.எம்-இல் கால் மணி நேரம் சுற்றவிடுங்கள். கறுப்பாக வரும் எண்ணெயைத் துடைத்துவிட்டுப் புதிது போடுங்கள். கண்ணாடி அணியுங்கள், வெளியேறும் துளை எண்ணெயைத் தெளிக்கும்.

நீராவியில் ஓட்டலாமா?

சில மாற்றங்களோடு. வார்ப்பிரும்புப் பிஸ்டனும் மைல்ட் ஸ்டீல் தகடும் ஒரே இரவில் துரு பிடிக்கும். பிஸ்டனைப் பாஸ்பர் பிரான்ஸிலும் தகட்டைக் கன்மெட்டலிலும் (ஒரு வகை வெண்கலம்) செய்யுங்கள். பிஸ்டனுக்கு அலுமினியம் போடாதீர்கள், பித்தளைச் சிலிண்டரைவிட அது சூட்டில் அதிகம் விரியும். சாதாரண எண்ணெய் சுடுநீரில் கழுவிப் போய்விடும். நீராவி சிலிண்டருக்கென்று விற்கும் கெட்டி எண்ணெய் வேண்டும்.

பாய்லர் வேறு வேலை, இந்தப் பக்கத்தின் அளவுகளை வைத்து அதைத் தொடங்க வேண்டாம். செம்புக் குழாயும் சில்வர் சால்டரும்தான் அதற்கு. ஈயப் பற்று கூடாது. புதிய பாய்லரை முதலில் ஓட்டும் அழுத்தத்தைப் போல் இரு மடங்கு தண்ணீர் அழுத்தத்தில், உள்ளே காற்றே இல்லாமல் நிரப்பிச் சோதிக்க வேண்டும். தண்ணீர் அமுங்காது, தையல் விட்டால் ஒரு துளி கசிந்து நிற்கும். அதே சோதனையைக் காற்றில் செய்தால் பாய்லர் வெடித்துச் சிதறும். சேஃப்டி வால்வு இல்லாத பாய்லருக்கு அடியில் தீ மூட்டக் கூடாது.